புல்-அப்ஸ் கம்பியா, பவர் டவரா, வளையங்களா? வாங்கும் முன் வீட்டுச் சுவரைப் பாருங்கள்

தண்டால் எடுக்கத் தரை போதும். பஸ்கி போட நிற்கும் இடமே போதும். உடல் எடையை மட்டும் கொண்டு செய்யும் பயிற்சிகளில், கருவி இல்லாமல் வீட்டில் முறையாகச் செய்ய முடியாத பிரிவு ஒன்றே ஒன்றுதான்: மேலே எதையேனும் பற்றிக்கொண்டு உடலை இழுத்து உயர்த்துவது, அதாவது புல்-அப்ஸ். முதுகின் அகன்ற தசைகளும், தோள்பட்டை எலும்புகளைப் பின்னுக்கு இழுத்து நிறுத்தும் தசைகளும், முன்கையின் பிடிவலுவும் இந்த இழுப்பில்தான் முழுமையாக வேலை செய்கின்றன. எத்தனை தண்டால் எடுத்தாலும் அவற்றுக்கு அந்த வேலை கிடைப்பதில்லை. ஆகவே வீட்டில் பயிற்சி செய்ய நினைப்பவர் ஒதுக்கும் பணத்தின் பெரும்பகுதி இழுப்புக்கான கருவிக்கே போக வேண்டும் என்பதும், தண்டால் கைப்பிடி, வயிற்றுப் பயிற்சிச் சக்கரம் போன்ற உதிரிகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதும் என் கருத்து.

அந்தக் கருவி எது என்பதில்தான் குழப்பம். வாசல் நிலையில் பொருத்தும் கம்பி, சுவரில் அறையும் கம்பி, கூரைத் தளத்தில் மாட்டும் கம்பி, தரையில் நிற்கும் பவர் டவர், பட்டையில் தொங்கும் ஜிம்னாஸ்டிக் வளையங்கள், வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்யும் குழாய் என்று ஆறு வழிகள் உள்ளன. வாங்குவோர் பெரும்பாலும் விலையையும், பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் '150 கிலோ தாங்கும்' என்ற வாசகத்தையும் பார்த்து முடிவெடுக்கிறார்கள். அந்த எண் கம்பியின் உலோகத்தைப் பற்றியது. கம்பி மாட்டப்படும் நிலையையோ சுவரையோ பற்றி அது எதுவும் சொல்வதில்லை. மேலும், அசையாமல் தொங்குபவரின் எடைக்கும், வேகமாக மேலேறித் தடாலென்று இறங்குபவர் கம்பிக்குக் கொடுக்கும் விசைக்கும் பெரிய வேறுபாடு உண்டு. சென்னையில் வாடகைக்கு இருந்த இரண்டாம் மாடி வீட்டில், இந்த வேறுபாட்டை நான் ஒரு நிலைக்கம்பியோடு சேர்ந்து தரையில் விழுந்த பிறகே புரிந்துகொண்டேன். கம்பி வளையவில்லை, நிலையிலிருந்து வழுகிவிட்டது, அவ்வளவுதான். முதுகுத்தண்டின் அடிமுனை வலி தீர மூன்று வாரம் ஆயிற்று. நிலையை ஒட்டி விரிந்த பூச்சைச் சரிசெய்யக் கொத்தனாருக்குக் கொடுத்த கூலி, கம்பியின் விலையைவிட அதிகம்.

அந்த நிலைக்கம்பியிலிருந்தே தொடங்கலாம், ஏனெனில் பெரும்பாலோர் முதலில் வாங்குவது அதைத்தான். ஏறத்தாழ ஆயிரம் ரூபாயில் கிடைக்கிறது, இடத்தை அடைப்பதில்லை, கழற்றி வைக்கவும் முடிகிறது. திருகத் திருக நீண்டு, இரு நிலைக்கால்களையும் பக்கவாட்டில் நெருக்கி நிற்பது ஒரு வகை. இதில் நம் எடையைத் தாங்குவது உராய்வு மட்டுமே. 70 கிலோ எடையுள்ளவர் தொங்கும்போது ஒவ்வொரு முனையும் 35 கிலோவைப் பிடித்து நிற்க வேண்டும். ரப்பர் முனைக்கும் வார்னிஷ் அடித்த மரத்துக்கும் இடையிலான உராய்வில் அது நடக்க வேண்டுமானால், கம்பி நிலைக்காலை அதைவிடக் கணிசமான விசையோடு பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். நிலையைச் சுவரோடு பிணைத்திருப்பது சில இரும்புப் பட்டைகளும் சிமெண்ட் பூச்சும்தான் என்பதால், நாளடைவில் நிலைக்கும் சுவருக்கும் இடையே விரிசல் விழுகிறது. வியர்வையோ, மழைக்கால ஈரமோ, அடிக்கடி கழற்றி மாட்டும் அவசரமோ சேர்ந்தால் வழுக்கலும் உறுதி. இந்த வகையை வாங்கியே தீர வேண்டுமென்றால், இரு பக்கமும் கிண்ணம் போன்ற தாங்கிகளைத் திருகாணியால் நிலையில் பொருத்தி, அவற்றுக்குள் கம்பி முனைகள் அமரும் அமைப்புள்ளதை மட்டும் வாங்குங்கள். அப்போது எடை உராய்வில் நில்லாமல் திருகாணிகளின் மேல் இறங்குகிறது. நல்ல மரநிலையாக இருந்தால் அது போதும். வீட்டைக் காலி செய்யும்போது துளைகளை மரப் புட்டி வைத்து மூடிவிடலாம்.

மற்றொரு வகை, நிலையின் மேல்விளிம்பில் பின்பக்கம் ஒரு தண்டு கொக்கியாய் அமர்ந்து, முன்பக்கம் கைப்பிடிகள் நீட்டிக்கொண்டிருப்பது. இது அமெரிக்க வீடுகளுக்காக உருவானது. அங்கே கதவைச் சுற்றி மரச்சட்டம் சுவரைவிட்டு வெளியே நீட்டி நிற்கும், அதன் தலையில் தண்டு உட்காரும். நம் வீடுகளில் நிலை பெரும்பாலும் பூச்சோடு சமமாகவே இருக்கிறது, தண்டு உட்கார விளிம்பே இல்லை. வாங்கி வந்து மாட்டிப் பார்த்துத் திருப்பி அனுப்பியவர்களை எனக்குத் தெரியும்.

நிலைக்கம்பி எதுவானாலும் உயரக் குறை ஒன்று இருக்கிறது. நம் கதவுகள் வழக்கமாக 7 அடி உயரம். முகவாய் கம்பிக்கு மேலே வர வேண்டுமென்றால் தலைக்கு இன்னும் முக்கால் அடி முதல் ஓர் அடி வரை வேண்டும். ஆகவே கம்பியை ஏறத்தாழ 6 அடியில்தான் மாட்ட முடியும். கைகளை முழுக்க நீட்டித் தொங்கும்போது முழங்காலை மடக்கிக்கொள்வது கட்டாயமாகிறது. இது பெரிய கேடு இல்லை, ஆனால் காலை நேராக நீட்டி உயர்த்தும் வயிற்றுப் பயிற்சிகள் அங்கே நடக்காது.

சுவர்க்கம்பிக்கு வருவோம். இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாயில் கிடைக்கும் இந்தக் கருவி, பார்ப்பதற்கு எல்லாவற்றிலும் உறுதியானதாகத் தோன்றும். சரியான சுவரில் அது உண்மையும்கூட. ஆனால் சுவர்க்கம்பியின் போல்ட்டுகள் எடையைத் தாங்குவதோடு நிற்பதில்லை, அவை சுவரிலிருந்து பிடுங்கப்படாமலும் போராடுகின்றன. தலையும் முழங்காலும் சுவரில் இடிக்காமலிருக்கக் கம்பி சுவரைவிட்டுச் சுமார் 60 செ.மீ. தள்ளி நிற்க வேண்டும். சட்டத்தின் மேல் போல்ட்டுக்கும் கீழ் போல்ட்டுக்கும் 30 செ.மீ. இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். 80 கிலோ எடையுள்ளவர் தொங்கினால், நெம்புகோல் கணக்கின்படி மேல் வரிசைப் போல்ட்டுகளை வெளியே இழுக்கும் விசை 80-ஐ 60-ஆல் பெருக்கி 30-ஆல் வகுத்தால் வரும் 160 கிலோ. இது அசையாமல் தொங்கும்போது. குலுக்கி ஏறினால் இன்னும் கூடும். ஆகவே ஒரே விலையில் இரண்டு சுவர்க்கம்பிகள் இருந்தால், மேல் கீழ்ப் போல்ட்டுகளின் இடைவெளி அதிகமாக உள்ளதை எடுப்பதே அறிவுடைமை. கம்பி எவ்வளவு பருமன் என்பது இரண்டாவது கேள்வி.

முதல் கேள்வி சுவர் எதனால் ஆனது என்பது. செங்கல்லால் கட்டிய 9 அங்குலச் சுவர் துளைக்குள் விரிந்து இறுகும் 10 அல்லது 12 மி.மீ. ஆங்கர் போல்ட்டைப் பிடித்துக்கொள்ளும், துளை கல்லின் நடுவில் விழுந்தால். இரு கற்களுக்கு இடையிலுள்ள கலவையில் விழுந்தால் பிடிக்காது. அறைகளைப் பிரிக்கும் நாலரை அங்குலச் சுவரை இந்த வேலைக்கு எண்ணவே வேண்டாம். கடந்த சில பத்தாண்டுகளில் கட்டிய அடுக்குமாடி வீடுகளில் உள்ளே குழியுள்ள ஹாலோ பிளாக்கும், காற்றுக் குமிழிகள் நிறைந்த, எடை குறைந்த ஏஏசி கற்களும் வந்துவிட்டன. ஒன்றில் போல்ட் விரிந்து பிடிக்க உள்ளே வெற்றிடம்தான் இருக்கிறது, மற்றொன்று போல்ட் விரியும்போதே நொறுங்குகிறது. அத்தகைய சுவரில் போல்ட்டை மறுபக்கம் வரை செலுத்தி இரும்புத் தகடு வைத்து முடுக்குவதுதான் நம்பத்தக்க வழி, அது அடுத்த அறையின் அழகைக் கெடுக்கும். உங்கள் சுவர் எது என்று தெரியவில்லையென்றால், எங்காவது மறைவான மூலையில் சிறு துளை போட்டு விழும் தூளைப் பாருங்கள்: சிவப்பாக இருந்தால் செங்கல், வெள்ளையாகவோ சாம்பலாகவோ எளிதில் உதிர்ந்தால் கைவிட்டுவிடுங்கள். சாம்பல் தூளோடு டிரில் முனை திணறினால் அது காங்கிரீட் தூண். அதைவிட நல்ல இடம் வீட்டில் கிடையாது. அங்கே துளையிட வீட்டு உரிமையாளரின் சம்மதம் வேண்டும் என்பதையும், வாடகைதாரருக்கு அது எளிதில் கிடைப்பதில்லை என்பதையும் சொல்லத் தேவையில்லை.

கூரையில் மாட்டும் கம்பிக்கு இந்த நெம்புகோல் தொல்லை இல்லை. எடை நேர்கீழாக இறங்குகிறது. 80 கிலோவை 8 போல்ட்டுகள் பகிர்ந்துகொண்டால் ஒவ்வொன்றுக்கும் 10 கிலோதான். காங்கிரீட் தளத்தில் சரியாக இறங்கிய போல்ட்டுக்கு அது பொருட்டே இல்லை. இடையூறு வேறு விதமானது: நம் வீடுகளில் மின்கம்பிக் குழாய்களைத் தளத்தின் காங்கிரீட்டுக்குள்ளேயே பதித்துவிடுகிறார்கள். மின்விசிறிக்கும் விளக்குக்கும் செல்லும் அந்தக் குழாய் எந்த வழியில் ஓடுகிறது என்று வெளியிலிருந்து தெரியாது. துளையிடும் நேரத்தில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, மின்கலத்தில் ஓடும் டிரில்லைப் பயன்படுத்த வேண்டும். மின்விசிறியின் இறகுகளுக்கு நெருக்கமாக எதையும் மாட்டக் கூடாது என்பது வெளிப்படை, ஆனாலும் பயிற்சி வேகத்தில் கை எவ்வளவு தூரம் வீசுகிறது என்பதை யாரும் முன்கூட்டி அளப்பதில்லை.

பழைய வீடுகளில் இருப்பவர்களுக்கும், தமிழ்நாட்டு மரபில் ஊஞ்சலுக்கு இடம் விட்டுக் கட்டிய புது வீடுகளில் இருப்பவர்களுக்கும் ஒரு நல்வாய்ப்பு உண்டு. ஊஞ்சல் கொக்கிகள் தளத்துக்குக் காங்கிரீட் போடும்போதே உள்ளிருக்கும் முறுக்குக் கம்பியோடு பிணைத்துப் பதிக்கப்பட்டவை. மூன்று பேர் உட்கார்ந்து ஆடுவதைத் தாங்கும் எண்ணத்தோடு வைக்கப்பட்டவை. துளையிடும் வேலையே இல்லாமல் அவை நம் கைக்குக் கிடைக்கின்றன. நான்கு கொக்கி உள்ள அமைப்பில், பலகையின் அகலப் பக்கத்திலிருக்கும் இரு கொக்கிகளுக்கு இடையே பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டு அடிதான் இருக்கும். சர்வதேசப் போட்டிகளில் ஜிம்னாஸ்டிக் வளையங்களை மாட்டும் இடைவெளி 50 செ.மீ.; அதாவது ஏறத்தாழ அதே அளவு. ஊஞ்சலைக் கழற்றிவிட்டு வளையங்களை மாட்டினால் வீட்டுப் பெரியவர்கள் என்ன சொல்வார்கள் என்பது தனிப் பிரச்சினை. கொக்கியை அவர்களும் நீங்களும் நேரம் பிரித்துக்கொள்ளலாம். கொக்கியில் துரு உண்டா, அதைச் சுற்றிய காங்கிரீட்டில் வெடிப்பு உண்டா என்று மட்டும் முதலில் பார்க்க வேண்டும். மின்விசிறிக் கொக்கியை இதற்குப் பயன்படுத்தலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், கூடாது. அது சில கிலோ எடையுள்ள விசிறிக்காக வைத்தது, பக்கத்திலேயே மின்கம்பியும் இருக்கிறது.

எடை இறங்க நல்ல இடம் இருக்கிறது என்று உறுதியாகிவிட்டால், கம்பியைவிட வளையங்களையே நான் பரிந்துரைப்பேன். நேரான கம்பி கைகளை ஒரே கோணத்தில் பூட்டிவிடுகிறது. வளையமோ உடல் ஏறும்போது தானாகச் சுழன்று, மணிக்கட்டும் முழங்கையும் தமக்கு வசதியான கோணத்தைத் தேடிக்கொள்ள விடுகிறது. முழங்கையின் உட்புறத்தில் வலி வந்து கம்பியை விட்டவர்கள் பலர் வளையத்தில் வலியின்றித் தொடர்கிறார்கள். நானும் அவர்களில் ஒருவன். பட்டையின் நீளத்தை மாற்றினால் அதே சோடி வேறு கருவியாகிவிடுகிறது. தலைக்கு மேலே வைத்தால் புல்-அப்ஸ். இடுப்பளவில் வைத்துச் சாய்ந்து இழுத்தால், ஒரு புல்-அப்ஸ் கூட எடுக்க வராதவரும் முதல் நாளே செய்யக்கூடிய கிடைமட்ட இழுப்பு. தரைக்கு அருகே இறக்கினால் கடினமான தண்டால். இரு கைகளாலும் ஊன்றி எழும்பினால் டிப்ஸ். கிடைமட்ட இழுப்பில் காலை ஓர் அடி முன்னே வைத்தால் சுமை கூடும், பின்னே வைத்தால் குறையும். இந்த நுணுக்கமான ஏற்ற இறக்கம் வேறு எந்தக் கருவியிலும் இவ்வளவு எளிதில் கிடைப்பதில்லை.

வாங்கும்போது மரவளையத்தையே வாங்குங்கள். பிளாஸ்டிக் வளையம் வியர்வையில் வழுக்கும், நம் கடலோர ஊர்களின் புழுக்கத்தில் அது வழுக்காத நாள் குறைவு. போட்டி வளையங்களின் பருமன் 28 மி.மீ.; சற்றே தடித்த 32 மி.மீ. வளையங்களும் விற்கின்றன, அவை பெரிய கைகளுக்கு நன்றாக இருக்கும். பட்டையில் அளவுக் குறிகள் அச்சிட்டிருந்தால் இரு பக்கமும் சமமாக வைக்க எளிது. கொக்கியின் கூர்விளிம்பில் பட்டை நேரடியாக உரசாமல் இருக்க, மலையேறுவோர் பயன்படுத்தும், தாங்குதிறன் பொறித்த கேராபைனரை (திறந்து மூடும் உலோகக் கொக்கி வளையம்) இடையில் மாட்ட வேண்டும். சாவிக்கொத்துக் கடையில் கிடைக்கும் அதே வடிவப் பொருள் இதற்கு உதவாது. வளையத்தின் குறை என்னவென்றால் அது ஆடும். டிப்ஸைப் பொறுத்தவரை, கைகளை நீட்டி அசையாமல் அரை நிமிடம் ஊன்றி நிற்க முடியும் வரை கீழே இறங்கி எழுவதை முயலக் கூடாது. தோள் மூட்டுக்கு அது ஆபத்து.

இந்திய ராணுவத்தின் ஆள்சேர்ப்பு முகாமுக்குத் தயாராகும் இளைஞர்களுக்கு மட்டும் என் பரிந்துரை மாறுகிறது. அங்கே 10 புல்-அப்ஸ் எடுத்தால் 40 மதிப்பெண், 6 எடுத்தால் 16. ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் உண்டு, தேர்வு நடப்பது நேரான இரும்புக் கம்பியில். அந்தக் கம்பியின் பிடிக்கும் பருமனுக்கும் கை பழக வேண்டும் என்பதால், அவர்கள் பயிற்சியின் பெரும்பகுதியை நேர்க்கம்பியில்தான் செய்ய வேண்டும். பள்ளி மைதானத்திலும் பூங்காவிலும் உள்ள 'சிங்கிள் பார்' அதற்குப் போதும், செலவும் இல்லை. பக்கத்தில் நல்ல மைதானம் இருப்பவர் எதையும் வாங்காமலிருப்பதும் மதிக்கத்தக்க முடிவுதான்.

பவர் டவரைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். சுவரையோ கூரையையோ நம்ப முடியாத, துளையிட அனுமதியில்லாத வாடகை வீட்டுக்கு அது ஒன்றுதான் முழுமையான விடை. புல்-அப்ஸ், டிப்ஸ், கால் உயர்த்தல் எல்லாம் ஒரே சட்டத்தில் நடக்கும். ஆனால் ஏழெட்டாயிரம் ரூபாயில் கிடைப்பவை மேலே போகப் போக ஆடுகின்றன, ஆடும் கம்பியில் முழு வலுவோடு இழுக்க மனம் துணிவதில்லை. கருவியின் சொந்த எடையும் அடிச்சட்டத்தின் நீளமும்தான் இங்கே பார்க்க வேண்டியவை; 20 கிலோவுக்குக் குறைவான டவரில் 80 கிலோ ஆள் காலை வீசினால் அடிச்சட்டம் தரையைவிட்டு எழும்பும். ஏறத்தாழ 4 அடிக்கு 4 அடி இடம் நிரந்தரமாகப் போய்விடும் என்பதையும், டைல்ஸ் தரையில் கீழே ரப்பர் விரிப்பு இல்லாமல் நிறுத்தக் கூடாது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். கடையில் நிறுத்தி வைத்திருப்பதில் ஒருமுறை தொங்கிப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

சொந்த வீட்டுக்காரர்களுக்கு இருக்கும் மலிவான, ஆனால் பலரும் நினைத்துப் பாராத வழி, வெல்டிங் பட்டறை. கேட்க வேண்டியது 1 அங்குல ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய், மீடியம் வகை. 1 அங்குலம் என்று பெயர் இருந்தாலும் அதன் வெளிவிட்டம் 33.7 மி.மீ., சுவர்ப் பருமன் 3.2 மி.மீ.; கைக்கு நல்ல பிடி. நீல நிறப் பட்டை இருந்தால் மீடியம், மஞ்சள் இருந்தால் லைட், சிவப்பு இருந்தால் ஹெவி. விலை குறைவென்று மஞ்சளைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். தாங்கிகளுக்கு இடையே 4 அடி வரை மீடியம் தாராளமாகப் போதும். 6 அடியானால் அது நடுவில் வளைந்து துள்ளும், அப்போது ஹெவிக்கு மாறுவதோடு முனைகளில் சாய்வு முட்டுகளும் வைத்து வெல்டிங் செய்யச் சொல்ல வேண்டும். மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியைத் தாங்கும் காங்கிரீட் தூண்கள் இதற்கு உகந்தவை. தூணைச் சுற்றி இரும்புப் பட்டை போட்டு முடுக்கினால் துளைகூட வேண்டாம். மாடித் தளத்தைத் தோண்டிக் கால் நடுவதை மட்டும் அனுமதிக்காதீர்கள், அடுத்த ஐப்பசி மழையில் கீழ்வீட்டுக் கூரை ஒழுகும். தோட்டம் இருப்பவர் இரண்டு 2 அங்குலக் குழாய்களை இரண்டரை அடி ஆழத்துக்குக் காங்கிரீட்டில் நட்டு, மேலே குறுக்குக் குழாயை வைத்துவிடலாம். வெயிலில் கிடக்கும் இரும்பு சித்திரை மாதத்தில் காலை ஒன்பது மணிக்குமேல் கையைச் சுடும் என்பது ஒன்றே இதன் பெரிய குறை.

கைப்பிடியில் ஃபோம் உறை சுற்றிய கம்பி எந்த வகையில் வந்தாலும் அந்த உறையைக் கத்தியால் கிழித்து எறிந்துவிடுங்கள். வியர்வையை உறிஞ்சிக்கொண்டு அது குழாயின் மேலேயே சுழலத் தொடங்கும். பிடி நழுவுவதற்கு அதைவிட வேறு காரணம் வேண்டாம். அதற்குப் பதிலாக, கை வழுக்காமல் இருக்கப் பூசிக்கொள்ளும் மெக்னீசியம் கார்பனேட் பொடியும், நீண்ட வளையமாக வரும் ரப்பர் பேண்டு ஒன்றும் வாங்கலாம். பேண்டைக் கம்பியில் மாட்டிக் காலை அதில் வைத்தால் எடையின் ஒரு பகுதியை அது தூக்கிக் கொடுக்கும். தொடக்கநிலையில் இருப்பவர் அதோடு, முக்காலியில் ஏறி மேல் நிலையிலிருந்து ஐந்து விநாடி எடுத்து மெதுவாக இறங்குவதையும் பழகினால், முதல் புல்-அப்ஸ் வருவதற்கு வேறு கருவி தேவைப்படாது.

எதை மாட்டினாலும், முதல் நாளே அதில் ஏறித் தொங்காதீர்கள். 25 கிலோ அரிசி மூட்டையை உறுதியான கயிற்றில் கட்டிக் கம்பியில் தொங்கவிட்டு ஒருநாள் விடுங்கள். மறுநாள் முக்காலியில் காலை ஊன்றியபடி உடல் எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கம்பிக்கு மாற்றுங்கள். பிறகு முழுதாகத் தொங்கி, இறங்கி, போல்ட் தலைகளைச் சுற்றிய பூச்சில் மயிரிழை வெடிப்பு ஏதும் புதிதாக வந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். போல்ட் தலைக்கும் தகட்டுக்கும் சேர்த்துப் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்தால், மாதத்துக்கு ஒருமுறை அந்தக் கோடு விலகியிருக்கிறதா என்று பார்ப்பதிலேயே போல்ட் தளர்ந்ததா என்பது தெரிந்துவிடும்.